மாட்டுக்கு என்ன திருப்பித் தருவது?

எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்த பாத்திரங்களில் பாதி எங்களுடையவை அல்ல, எதிர்வீட்டு அத்தையுடையவை. எங்கள் பாத்திரங்களில் பாதி அவள் வீட்டில் இருந்தன. யாரும் யாரிடமும் திருடவில்லை. எல்லாம் போக்குவரத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. நான் அத்தை என்பேன், என் அம்மா அண்ணி என்பாள், அத்தையின் மகனை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். இந்தக் கணக்குப்படி உறவுமுறை எங்கே போய் முட்டும் என்று எங்கள் தெருவில் யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

அத்தைக்கு ஒரு வியாதி உண்டு என்று அம்மா சொல்வாள். பின்னால் குடலில் வந்ததைச் சொல்லவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வியாதி இது. யார் எதைக் கொடுத்தாலும், வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டாள். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே என்பீர்கள். மற்ற வீடுகளில் கிண்ணத்தில் ஒரு பிடி சர்க்கரையோ நாலு மிளகாயோ போட்டு வழக்கத்தை முடித்துக்கொள்வார்கள். அத்தைக்கு முடிக்கத் தெரியாது. கிண்ணத்தில் போன சுண்டல் தூக்குவாளியில் புளிச்சோறாகத் திரும்பி வரும். தூக்கை வெறுமையாக அனுப்ப அம்மாவுக்கு மனசு வராது, அதில் அதிரசம் போகும். அதிரசத்துக்குப் பதிலாக ஒரு தாம்பாளம் நிறைய முறுக்கு வரும். தாம்பாளத்தைப் பார்த்ததும் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"ஏன் அத்தை, வெறும் கிண்ணமா குடுத்தா என்ன, குடியா முழுகிப்போவும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெறும் கிண்ணத்த எப்புடிடி குடுத்தனுப்புறது? போற வழியெல்லாம் அது நம்மளப் பத்திப் பேசிக்கிட்டே போவும்" என்றாள்.

வழி என்பது ஒரு தெருவின் அகலம். அதுவும் ஒரு மாட்டுவண்டி வந்தால் இன்னொன்று ஒதுங்க வேண்டிய தெரு.

அம்மா சும்மா விடவில்லை. பாத்திரம் போனால்தானே திரும்பி வரும் என்று கணக்குப் போட்டு, ஒரு நாள் கொழுக்கட்டையை வாழையிலையில் மடித்துக் கொடுத்தனுப்பினாள். தின்று முடித்ததும் இலையை மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள், கதை முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தாள். மறுநாள் காலையில் அத்தை தோட்டத்திலிருந்து புத்தம்புது இலை ஒன்றை அறுத்து, அதில் அவியலை வைத்து மடித்து எடுத்து வந்தாள். "இல வந்துச்சே" என்றாள். அடுத்து அம்மா கடையில் கொடுக்கிற பாலித்தீன் பையில் போட்டு அனுப்பிப் பார்த்தாள். அத்தை அந்தப் பையைக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, முருங்கைக்கீரையை அடைத்துத் திருப்பி அனுப்பினாள். கொடியில் எங்கள் பை காற்றில் ஆடுவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தோத்துட்டேன்டி" என்றாள் அம்மா. ஆனால் தோற்றவள் மாதிரி நடந்துகொள்ளவில்லை. அன்றைக்கே ரவை வறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்த வியாதி எதிர்வீட்டோடு நின்றால் பரவாயில்லை. திருவேட்டக்குடியிலிருந்து வரும் மீன்காரியின் கூடையில், மீனை எடுத்த இடத்தில் கத்திரிக்காய் ஏறிவிடும். மீனுக்குத் தனியாகக் காசு கொடுத்துவிட்டுத்தான். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க வரும் கிராமச் செவிலியரின் ஐஸ் பெட்டியில் அத்தை வெள்ளரிப்பிஞ்சு வைக்கப் போய், அந்தம்மா கத்திய கத்தில் தெருவே கூடிவிட்டது. அந்த வீட்டில் சொட்டு மருந்து போடுகிற வயதில் குழந்தையே கிடையாது. அந்தம்மா தண்ணீர் குடிக்கத்தான் உள்ளே வந்தார்.

"அத்தை, அது மருந்துப் பெட்டி. அதுல வேற எதையும் வைக்கவே கூடாது" என்று நான்தான் போய் இழுத்து வந்தேன்.

"பொட்டிதானடி. வீட்டுக்குள்ள வந்த பொட்டி வெறுமையா போவலாமா?"

"அதுல மருந்து இருக்கு அத்தை. வெறும் பெட்டி இல்ல."

"மருந்து அவங்க கொண்டாந்தது. நம்ம எதும் வைக்கலியே."

இதற்கு நர்சிங் படிப்பில் பதில் சொல்லித் தரவில்லை.

நான் காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். அத்தைக்கு வந்த இரண்டாவது வியாதியை முதலில் கண்டுபிடித்தது நானோ ஸ்கேனோ இல்லை, என் அம்மாதான். "அண்ணி வீட்லேருந்து ரெண்டு நாளா எதும் வரல. என்னான்னு போய்ப் பாருடி" என்றாள். போய்ப் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்காமல் சுவரோரம் படுத்திருந்தாள். வயிறு உப்பியிருந்தது. பல வாரங்களாக மலத்தில் ரத்தம் போகிறது, மூலம் என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அவளை உலுக்கியிருப்பேன். ஒரு கிண்ணம் வெறுமையாகப் போனால் ஊரே பேசும் என்று பயப்படுகிறவள், ரத்தம் போனதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

பெருங்குடலில் கட்டி. கேன்சர்தான். மகன் மின்சார அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், பயந்த மனிதர். "அம்மாகிட்ட பேரச் சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்றார். வீட்டில் நான் "ஏ பாப்பா", ஆஸ்பத்திரிக்குள் வந்ததும் "சிஸ்டர்". ஆனால் அத்தைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "கட்டின்னா கட்டிதான். அதுக்குப் பேரு வச்சாத்தான் வெட்டுவாங்களா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்துக் கட்டில்காரி கொடுத்த ஆரஞ்சுக்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்று பையைத் துழாவினாள்.

எங்கள் டாக்டர் பேச்சில் சிக்கனக்காரர். அன்றைக்கு மகனையும் என்னையும் உட்காரவைத்துக் கொஞ்சம் அதிகமாகப் பேசினார். "கட்டி இருக்கிற எடத்த வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்துடுவோம். சேர்க்கிறது பெரிய விஷயம் இல்ல. சேர்த்த எடம் கசியாம இருக்கணும், அதுதான் விஷயம். கசிஞ்சா மலம் வயித்துக்குள்ள பரவும், உயிருக்கே ஆபத்து. உங்கம்மா மூச்சிழுப்புக்காக வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்காங்க. அவங்களுக்குப் புண்ணு சீக்கிரம் ஆறாது. அதனால தையல் எடத்துக்கு ஒரு மெல்லிய துண்டு வச்சு பலப்படுத்தலாம்னு பாக்கறேன். அது வச்சா நிச்சயம் கசியாதுன்னு சொல்லமாட்டேன். பிரயோஜனம்னு சொல்ற டாக்டரும் இருக்காங்க, வித்தியாசம் இல்லங்கிற டாக்டரும் இருக்காங்க. இவங்க கேஸ்ல வைக்கிறது நல்லதுன்னு எனக்குத் தோணுது. வைக்காட்டா, கொஞ்ச மாசம் குடல வயித்துக்கு வெளிய கொண்டாந்து பை மாட்ட வேண்டிவரலாம்."

மகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில்தான் டாக்டர் அதைச் சொன்னார். "ஒண்ணு சொல்லிடணும். அந்தத் துண்டு மாட்டு இதயத்தைச் சுத்தி இருக்கிற உறையிலேருந்து செய்யறது."

மகனின் தலை ஆடுவது நின்றுவிட்டது.

இதில் வேறு வகைகளும் உண்டு. பன்றிக் குடலிலிருந்து எடுப்பது ஒன்று. உடம்பிலேயே கரைந்துபோகிற செயற்கைத் துண்டு ஒன்று. எங்கள் ஊரில் மாடு, பன்றி இரண்டில் எதை எடுத்தாலும், யாரோ ஒருவரிடம் சங்கடத்தோடு கேட்டுத்தான் ஆக வேண்டும். செயற்கைத் துண்டு சென்னையிலிருந்து வரவேண்டும், அத்தையின் குடல் அதுவரை அடைபடாமல் காத்திருக்குமா என்பது சந்தேகம். கையில் இருந்தது மாட்டுத் துண்டுதான்.

"சார், அம்மா தெனம் பசுவத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் வாசத்தெளிப்பாங்க" என்றார் மகன். "மாடுன்னு சொல்லவேணாம். ஏதோ துணின்னு சொல்லிடலாம்."

"அவங்க வயித்துல வைக்கிறத அவங்ககிட்ட சொல்லாம வைக்க முடியாதுங்க" என்றார் டாக்டர். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். எதிர்வீட்டில் பிறந்த குற்றத்துக்கு எனக்கு இந்த மாதிரி வேலைகள் வந்துகொண்டேயிருக்கும்.

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வெட்டுவது, சேர்ப்பது, ஸ்டேப்ளர் கருவி வைத்துச் சேர்ப்பது எல்லாவற்றையும் சொன்னேன். "ஸ்டேப்ளருன்னா பேப்பர் குத்துவாங்களே, அதுவா?" என்றாள். கிட்டத்தட்ட அதுதான் என்றேன். பிறகு, குத்துகிற இடம் கிழியாமல் இருக்க ஒரு மெல்லிய துண்டு, அது மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறை என்று சொல்லி முடித்து அவள் முகத்தைப் பார்த்தேன். மகன் கதவோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"பசுவா, எருமையா?"

"பசு வகைதான் அத்தை."

"எந்த ஊரு மாடு?"

"வெளிநாட்டுலேருந்து வருது."

"உசுரோட இருக்கா?"

"இல்ல அத்தை."

கையில் இருந்த ஆரஞ்சுத் தோலை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "நெஞ்சுக்கூட்ட சுத்தி இருக்கிறதக் குடுத்துருக்கு" என்றாள் மெதுவாக. பிறகு நிமிர்ந்து, "சரி, அதுக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "அதெல்லாம் பில்லுல வந்துரும் அத்தை" என்றேன்.

"பில்லு கம்பெனிக்காரனுக்குடி. மாட்டுக்கு?"

கதவோரம் மகன் கண்ணைத் திறந்தார். சாமி குத்தம் இல்லை, தீட்டு இல்லை என்று அவர் முகத்தில் விளக்கேற்றினாற்போல ஒரு சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே அணைந்தும் போனது. ஏனென்றால் அத்தை அடுத்ததாக, "திருப்பித் தர வழியில்லாத சாமான நான் வாங்கமாட்டேன். வேணாம்னு டாக்டர்ட்ட சொல்லிடு" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மகன் கெஞ்சினார். டாக்டர் வந்து, அந்த மாட்டுக்கு இனிமேல் எதுவும் தேவைப்படாது என்று விளக்கினார். அது விஷயத்தை இன்னும் மோசமாக்கியது. "தேவப்படுறவங்களுக்குத்தான் குடுக்கணும்னா நான் ஏன் இவ்ளோ நாளு அடுப்புல வெந்தேன்?" என்றாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் ஒருமுறை சரிசெய்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கசிந்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். வாசலில் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள் எப்படி வெளியே போனார்கள் என்று பார்த்திருக்கிறேன். இவள் கிண்ணத்துக்குப் பதில் கிண்ணம் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

"அத்தை, இஞ்ச பாருங்க" என்று தோளைப் பிடித்துத் திருப்பினேன். "எங்கம்மா குடுக்கிற கிண்ணத்த அன்னைக்கே திருப்புறீங்களா? கைல ஒண்ணும் இல்லாத நாள்ல அலமாரில கவுத்து வச்சிருந்து, முறுக்கு சுட்டப்பறம்தானே தர்றீங்க? எங்கம்மா எப்பவாச்சும் வந்து கேட்டுருக்காங்களா? இதையும் அப்படி வச்சுக்குங்க. கைக்கு ஒண்ணு வரும்போது தந்துட்டுப் போங்க. மாடு வந்து கதவத் தட்டாது."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். அலமாரியில் கவிழ்த்து வைத்த பாத்திரம் அவள் சட்டத்திலேயே இருக்கிற சலுகை.

"மறந்துட்டேன்னா?" என்றாள்.

"நான் ஞாபகப்படுத்துறேன்."

"நீதான் பொறுப்பு" என்றாள். "டாக்டரக் கூப்புடு."

ஆபரேஷன் அன்றைக்கு அந்தத் துண்டை உறையிலிருந்து எடுத்து உப்புநீரில் அலசிக் கொடுத்தது நான்தான். வெள்ளையாக, ஈரமாக, இலேசாக இருந்தது. எத்தனையோ பேருக்கு அலசியிருக்கிறேன், அப்போதெல்லாம் அது ஒரு சாமான். அன்றைக்கு மட்டும் கிண்ணத்து நீரில் அதை விரலால் திருப்பும்போது, எங்கேயோ புல் மேய்ந்த ஒரு மாடு மனதில் வந்தது. அத்தை போகிற இடத்திலெல்லாம் மற்றவர்களுக்கும் தன் வியாதியை ஒட்டவைத்துவிட்டுப் போய்விடுவாள். டாக்டர் கருவியின் இரண்டு தாடைகளிலும் துண்டைப் பொருத்தினார், சேர்த்தார், அழுத்தினார். பிறகு வயிற்றில் உப்புநீரை நிரப்பி, கீழேயிருந்து காற்றைச் செலுத்திப் பார்த்தார். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்களே, அதேதான். எல்லாரும் அந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

அதோடு முடிந்துவிடாது. தையல் பிரியக்கூடிய நாட்கள் அதற்குப் பிறகுதான் வரும். அந்த நாட்களில் அத்தைக்கு வாய்வழி ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு வரத் தெரியாது. ஹார்லிக்ஸ், ஆப்பிள், ரொட்டி, பிளாஸ்கில் கஞ்சி. வார்டு வாசலில் நின்று நான் பிளாஸ்க்குகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அத்தை மூக்கில் குழாயோடு படுத்த படுக்கையிலேயே வியாபாரத்தை நடத்தினாள். ஒருத்தர் கொண்டுவந்த ஆப்பிள் அடுத்து வந்தவர் பையில் ஏறியது. அவர் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் அதற்கடுத்தவருக்குப் போனது. கண்ணால்தான் உத்தரவு, மகன்தான் கை. கொட்டுச்சேரியிலிருந்து வந்த அவள் தம்பி மறுநாளும் வந்தபோது, முதல் நாள் தான் வாங்கிவந்த மாதுளம்பழங்களே தனக்குத் திரும்பி வந்ததைப் பார்த்து, "என்னக்கா, புடிக்கலையா?" என்று முகம் வாடிவிட்டார்.

டாக்டர் தினமும் காலையில் வந்து ஒரே கேள்விதான் கேட்பார். "காத்து போச்சாம்மா?" குடல் வேலைசெய்ய ஆரம்பித்ததற்கு அதுதான் முதல் அறிகுறி. அத்தைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆம்பளை ஆள், படித்த மனுசர், எல்லார் முன்னாலும் நின்று இதைக் கேட்கலாமா? போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டுவாள். மகன் வெளியே வந்து போனில் தெருவுக்குத் தகவல் சொல்வார்: "இன்னும் இல்ல." என் அம்மா பஸ் ஏறி அம்பகரத்தூர் அம்மன் கோயிலுக்கே போய்விட்டாள். அந்த அம்மனிடம் மாடு காணாமல் போனதற்கும் பிள்ளை வரத்துக்கும் வேண்டிக்கொண்டவர்கள் இருப்பார்கள். இதற்கு வேண்டிக்கொண்டது என் அம்மா ஒருத்தியாகத்தான் இருக்கும். "எப்புடிம்மா வேண்டிக்கிட்டே?" என்று கேட்டேன். "வாய்விட்டுச் சொல்ல முடியுமாடி அங்க? அம்மனுக்குத் தெரியாதா, உனக்கே தெரியும் தாயேன்னுட்டு வந்துட்டேன்" என்றாள்.

அடுத்த நாள் மத்தியானம் அத்தைக்குக் காய்ச்சல் கண்டது. நாடித்துடிப்பும் ஏறியிருந்தது. இந்த நாட்களில் காய்ச்சலும் துடிப்பும் சேர்ந்து வந்தால் என்ன அர்த்தம் என்று தியேட்டரில் வேலைசெய்கிற யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வயிற்றிலிருந்து வரும் குழாயின் பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். கலங்கலாக இல்லை, நாற்றம் இல்லை. ஆனாலும் நம்ப முடியவில்லை. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, புட்டுக்கிச்சா?"

"இல்ல அத்தை. சும்மா பாக்கறாங்க."

"புட்டுக்கிச்சுன்னா அந்த மாட்டுக்கு நான் ஒண்ணும் தராமலே போயிடுவனே" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நான் அவள் போய்விடுவாளோ என்று செத்துக்கொண்டிருக்கிறேன், அவள் அலமாரியில் கவிழ்த்த கிண்ணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள். அதே நேரத்தில், இவள் இல்லாத எதிர்வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தையல் பிரியவில்லை. நெஞ்சில் சளி கட்டியிருந்தது, பழைய இழுப்பின் வேலை. மருந்தை மாற்றினார்கள், காய்ச்சல் இறங்கியது. மறுநாள் காலையில் டாக்டர் வந்து அந்தக் கேள்வியைக் கேட்க வாயெடுப்பதற்குள், அத்தையின் கட்டிலிலிருந்தே பதில் வந்தது. வார்டு முழுக்கக் கேட்டது. எங்கள் டாக்டர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தை போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு நெடுநேரம் வெளியே வரவில்லை. மகன் போனில், "ஆயிடுச்சு, ஆயிடுச்சு" என்று கத்திக்கொண்டே நடைபாதையில் ஓடினார். எதிரே வந்த ஒருவர் பையனா பொண்ணா என்று கேட்டார்.

வீடு திரும்பியதும் அத்தை திருப்பித் தரும் வேலையை ஆரம்பித்தாள். அந்த வருஷ மாட்டுப் பொங்கலுக்குத் தன் பசுவுக்குப் போட்ட மாலை, அதன் காலைத் தடுக்குகிற நீளத்தில் இருந்தது. ஆனால் மனம் ஆறவில்லை. "நம்ம மாட்டுக்கு நம்ம குடுக்கிறது எப்பவும் உள்ளதுதானே. அது இதுல எப்புடிச் சேரும்?" என்றாள். பிறகு தெருவில் போகிற மாடுகளுக்கெல்லாம் அகத்திக்கீரையும் பழத்தோலும் வைக்க ஆரம்பித்தாள். செய்தி மாடுகளுக்குள் எப்படிப் பரவியதோ, காலையில் அவள் வாசலில் கூட்டம் நிற்கும். ஒரு நாள் அவை சாலைவரை நீண்டு, காரைக்கால் பஸ்ஸை நிறுத்திவிட்டன. கண்டக்டர் இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, எங்களுக்கு டூட்டி இருக்குங்கம்மா" என்றார். அத்தை அவர் பையில் இரண்டு வாழைப்பழத்தைப் போட்டு அனுப்பினாள்.

மாடுகளுக்கு வைப்பதை நிறுத்திய பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஞாபகப்படுத்துறேன்னியே, மறந்துட்டியா?" பஸ்ஸைவிட்டு இறங்கினால் இந்தக் கேள்வி வாசலில் நிற்கும். ஒரு சாயங்காலம் அலுப்பில் நான் பதில் சொல்லாமல் உள்ளே போகப் பார்க்க, அவளே யோசித்து வைத்திருந்ததைக் கேட்டாள்.

"மாட்டுகிட்டேருந்து எடுத்து மனுசாளுக்கு வைக்கிறாங்க. மனுசாளுகிட்டேருந்து ஒண்ணும் எடுக்கமாட்டாங்களா?"

"எடுப்பாங்க அத்தை. கண்ணு எடுப்பாங்க."

"உசுரோடவா?"

"சேச்சே. போனப்பறம்தான். கண்ணையே எடுத்துட மாட்டாங்க, மேல கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு, அது மட்டும்."

"எவ்ளோ தடியா இருக்கும்?"

"மெல்லிசா இருக்கும்."

"எனக்கு வச்சதும் மெல்லிசுதானே?"

"ஆமா."

"அப்ப சரியாப்போச்சு" என்றாள். உடனே இன்னொரு சந்தேகம். "எனக்கு இந்தச் சீக்கு வந்துருக்கே, கண்ணாடி வேற போட்டுருக்கேன், வாங்குவாங்களா?"

"இந்த வகைச் சீக்குக்கு வாங்குவாங்க. கண்ணாடி போட்டிருந்தாலும் பரவால்ல."

"யாருக்கு வைப்பாங்க?"

"அத சொல்லமாட்டாங்க அத்தை. நம்மள யாருன்னு அவங்களுக்கும் தெரியாது."

அத்தை சிரித்தாள். கண் இடுங்கி, தோள் குலுங்கி, இழுப்பு வந்து இருமுகிற அளவுக்குச் சிரித்தாள். "நல்லதாப் போச்சுடி" என்றாள். "அப்ப அவங்க எனக்குத் திருப்பித் தர முடியாது."

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தோசை கருகியது.

அதற்குப் பிறகு அத்தை பல வருஷம் நன்றாகவே இருந்தாள். கட்டி திரும்பி வரவில்லை, சேர்த்த இடம் கடைசிவரை பிரியவில்லை. போன மழைக்காலத்தில் இழுப்புதான் அவளைக் கொண்டுபோனது. விடிந்த கொஞ்ச நேரத்தில் மகன் தெருவைக் கடந்து ஓடிவந்தார். அழுதுகொண்டே, "பாப்பா, அம்மா சொன்னது..." என்றார். சிஸ்டர் என்று கூப்பிட வேண்டிய நாளில் பாப்பா என்று கூப்பிட்டார்.

நான் கண் வங்கிக்குப் போனில் சொல்லிவிட்டு, அவள் இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்தேன். தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன், ஓடினால் கண் உலர்ந்துவிடும். கூடியிருந்த சொந்தங்கள் புழுக்கத்தில் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, "செத்தும் காத்து வாங்க விடமாட்டாபோல" என்று முணுமுணுத்தார்கள். கொட்டுச்சேரித் தம்பி, "கண்ணில்லாம எங்கக்கா எப்படிப் போவும்?" என்று கேட்டு அழுதார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் நம்பினாரா தெரியவில்லை, ஆனால் தடுக்கவில்லை.

கண் வங்கியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஒரு பெண்ணும் ஒரு பையனும். பையன் கையில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி. வேலை சீக்கிரமே முடிந்தது. முடித்ததும் அத்தை தூங்குகிறவள் மாதிரியேதான் இருந்தாள். தம்பி கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். பையன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கினான். வழியில் ஒரு மாடு நின்றது. பழைய வாடிக்கை மாடாக இருக்கலாம். அது நகரும்வரை காத்து நின்றான்.

அம்மா எங்கள் வாசற்படியில் நின்றிருந்தாள். இடுப்பில் அத்தையின் பெரிய தூக்குவாளி. சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்காகக் காப்பி போட்டு அதில் நிரப்பியிருந்தாள். அந்தப் பையனையும் பெட்டியையும் வண்டி கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குன்னு சொல்லமாட்டாங்கல்ல?" என்றாள்.

"மாட்டாங்கம்மா."

தூக்கை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்கக் கை இல்லை.

"அண்ணி ஜெயிச்சிட்டாங்கடி" என்றாள்.